தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா குடியரசுத் தலைவரின் இடத்தில் இருந்தபோது என்ன செய்தார்?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகவே கேட்டிருக்கிறார்: "உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த எம். ஹிதயத்துல்லா குடியரசுத் தலைவராகவும் இருந்தாராமே, தீர்ப்புச் சொல்லும் ஒருவர் போய் வெறும் கையெழுத்துப் போடும் பதவியில் உட்கார்ந்து என்ன செய்தார்?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன். அவர் அந்தப் பதவிக்கு எப்படி வந்தார் என்பது ஒன்று. அரசின் செயல்களை எடைபோட வேண்டிய நீதிபதி, அதே அரசின் தலைவராக இருந்துவிட்டுத் திரும்பவும் நீதிமன்றத்தில் வந்து அமர்ந்தபோது அவருடைய நடுநிலை என்னவாயிற்று என்பது மற்றொன்று. கேட்டவர் உண்மையில் அறிய விரும்புவது இரண்டாவதையே என்று நினைக்கிறேன். அரசமைப்புச் சட்ட வழக்குகளில் பல ஆண்டுகள் வாதாடியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வரலாற்றாசிரியன் அல்லன். தீர்ப்புகளையும் சட்ட வாசகங்களையும் படித்துப் பழகியவன். ஆகவே பதிவில் இருப்பது எது, என் ஊகம் எது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாழ்க்கைக் குறிப்பு. முகமது ஹிதயத்துல்லா 1905 டிசம்பர் 17-ஆம் நாள் பிறந்தவர். ராய்ப்பூரில் பள்ளிப் படிப்பு, நாக்பூர் மோரிஸ் கல்லூரியில் பட்டப் படிப்பு, அதன்பின் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1930-இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகி, அதே ஆண்டு நாக்பூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1943-இல் மத்திய மாகாணம் மற்றும் பேராரின் அட்வகேட் ஜெனரல், 1946-இல் நாக்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி, 1954-இல் அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது ஜபல்பூரில் அமைந்த மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, 1958 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி, 1968 பிப்ரவரி 25 முதல் 1970 டிசம்பர் 16 வரை இந்தியத் தலைமை நீதிபதி என்று அவருடைய ஏற்றம் இடைவெளியின்றி நடந்தது. இந்தியத் தலைமை நீதிபதி, குடியரசுத் துணைத் தலைவர், பொறுப்புக் குடியரசுத் தலைவர் ஆகிய மூன்று நிலைகளையும் வகித்தவர் அவர் ஒருவரே.

பதவிப் பட்டியலைவிட அவர் எப்படிப்பட்ட நீதிபதி என்பதே நம் கேள்விக்கு முக்கியம். 1965-இல் சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவை இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் பீகார் அரசு காவலில் வைத்தது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. காவல் ஆணையில் "சட்டம் ஒழுங்கைப் பேணுதல்" என்ற காரணமும் சேர்க்கப்பட்டிருந்தது. விதியோ "பொது அமைதி" என்பதைத்தான் அனுமதித்தது. மூன்று வட்டங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றார் ஹிதயத்துல்லா. வெளியே உள்ள பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது அமைதி, அதற்கும் உள்ளே மிகச் சிறிய வட்டமாக நாட்டின் பாதுகாப்பு. ஒரு செயல் வெளி வட்டத்தைத் தொட்டாலே உள் வட்டத்தையும் தொட்டுவிட்டதாகக் கொள்ள முடியாது. லோகியா விடுவிக்கப்பட்டார். இன்றும் தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும் வழக்கறிஞர், அந்த வட்டங்களைச் சொல்லித்தான் தம் வாதத்தை அடுக்குகிறார். தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட எளிய மனிதர் ஒருவர் வீடு திரும்புவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தப் பத்திகள் இன்னும் துணை நிற்கின்றன என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதற்கடுத்த ஆண்டு நரேஷ் மிராஜ்கர் வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று வாய்மொழியாக உத்தரவிட்டிருந்தார். ஒரு நீதிமன்றத்தின் உத்தரவு குடிமக்களின் அடிப்படை உரிமையை மீற முடியுமா என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகளின் முன் வைக்கப்பட்டது. எட்டுப் பேர் அந்த உத்தரவைத் தாங்கிப் பிடித்தார்கள். ஹிதயத்துல்லா மட்டும் மாறுபட்டார். நீதிபதியும் அரசின் ஓர் உறுப்பாகச் செயல்படும்போது உரிமையை மீறக்கூடும், அப்போது அவர் ஆணையும் கேள்விக்கு உட்பட்டதே என்பது அவர் நிலை. தம் சொந்த நிறுவனத்தின் கையெழுத்துக்கே விலக்குக் கொடுக்க மறுத்த மனிதர் என்பதைப் பின்னால் வரும் செய்திக்காக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1967-இல் கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில், அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பானபோது, பெரும்பான்மையின் பக்கம் நின்று தனியாகத் தீர்ப்பு எழுதியவரும் அவரே. ஆறில் ஒருவர் மறுபக்கம் சேர்ந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்கும்.

இனி அவர் பதவிக்கு வந்த வழி. அரசமைப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் இடம் காலியானால் துணைத் தலைவர் அப்பொறுப்பை ஏற்பார். துணைத் தலைவரும் இல்லையென்றால் என்ன செய்வது என்பதைச் சட்டம் தானே சொல்லாமல், 70-ஆம் பிரிவின் மூலம் நாடாளுமன்றத்திடம் விட்டிருந்தது. அந்த இடைவெளியை முதல் 19 ஆண்டுகள் யாரும் நிரப்பவில்லை, தேவையும் எழவில்லை. 1969 மே 3-ஆம் நாள் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். அவருக்கும் ஏதேனும் நேர்ந்தால் என்ற எண்ணத்தில், அந்த மாத இறுதியிலேயே குடியரசுத் தலைவர் பணிகளை நிறைவேற்றுதல் சட்டம், 1969 இயற்றப்பட்டது. இரண்டு இடங்களும் காலியானால் இந்தியத் தலைமை நீதிபதியும், அவரும் இல்லையென்றால் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதியும் குடியரசுத் தலைவரின் பணிகளைப் பார்ப்பார்கள் என்று அது சொல்கிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: நாடாளுமன்றம் ஹிதயத்துல்லா என்ற தனி மனிதரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தலைமை நீதிபதி என்ற பதவியைத்தான் குறிப்பிட்டது. அப்போது அதில் அவர் இருந்தார்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிடுவதற்காகக் கிரி ஜூலை 20-ஆம் நாள் விலகியதும் அந்தச் சட்டம் உயிர்பெற்றது. அன்று முதல் ஆகஸ்ட் 24 வரை, 35 நாட்கள், ஹிதயத்துல்லா நாட்டின் தலைவராக இருந்தார். அந்த நாட்களில் நீதிமன்றத்தில் ஜே.சி. ஷா தலைமை நீதிபதியின் பொறுப்பைப் பார்த்தார். ஆகவே ஒரே நேரத்தில் இரு நாற்காலிகளிலும் அவர் அமர்ந்திருந்தார் என்று சிலர் சொல்வது சரியன்று.

காலமோ அமைதியானதாக இல்லை. பிரதமர் இந்திரா காந்திக்கும் காங்கிரஸின் மூத்த தலைவர்களுக்கும் இடையே பிளவு முற்றிக்கொண்டிருந்தது. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டிக்கும் கிரிக்கும் இடையிலான தேர்தலே அந்தப் பிளவின் களமாக இருந்தது. கிரி விலகுவதற்கு முந்தைய நாள், ஜூலை 19 அன்று, 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஹிதயத்துல்லா என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு, கையெழுத்திட்டவர் கிரி. ஆனால் அந்த அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வடிவு ஆகஸ்ட் 9-ஆம் நாள் ஒப்புதல் பெற்றபோது, அந்த ஒப்புதலைத் தந்தவர் ஹிதயத்துல்லா. இடையில் ஜூலை 31-ஆம் நாள் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் டெல்லி வந்தார். குடியரசுத் தலைவர் மாளிகையில் அவரை விருந்தோம்பியவரும் ஹிதயத்துல்லாவே. சடங்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற பணிகளில் இதுவும் ஒன்று. இதைப் பற்றி மேலும் விரிக்கத் தேவையில்லை.

அந்த ஒப்புதல்தான் விஷயத்தின் மையம். வங்கி நாட்டுடைமை சொத்துரிமையைத் தொடுகிறது. கோலக்நாத் தீர்ப்பு வந்து இரண்டரை ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதில் அடிப்படை உரிமைகளின் பக்கம் நின்ற நீதிபதி, அதே உரிமையைத் தொடும் சட்டத்துக்கு ஒப்புதல் தரலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. அவர் ஒப்புதலை மறுத்திருக்க முடியுமா? இன்றைய சட்டத்தின்படி பதில் எளிது: 1976-இன் 42-ஆம் திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று 74-ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதிவிட்டது, ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் வாய்ப்பை 44-ஆம் திருத்தம் சேர்த்தது. 1969-இல் அந்த வாசகம் இல்லை. குடியரசுத் தலைவர் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவரா என்ற ஐயத்தை 1960-இல் ராஜேந்திர பிரசாத்தே பொதுமேடையில் எழுப்பியிருந்தார். மறுபக்கம், 1955-இலேயே ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம் குடியரசுத் தலைவர் பிரிட்டிஷ் முறையிலான அரசமைப்புத் தலைவர், உண்மையான நிர்வாக அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஆகவே எழுத்தில் இடைவெளி இருந்தாலும் மரபிலும் தீர்ப்பிலும் அது இல்லை. ஹிதயத்துல்லா மறுத்திருந்தால், நீதிபதியாக இருந்து செய்ய வேண்டியதைத் தலைவராக இருந்து செய்தவர் ஆகியிருப்பார். வாதமும் எதிர்வாதமும் கேட்காமல், காரணம் எழுதாமல், தனி ஒருவராக ஒரு சட்டத்தைத் தள்ளுபடி செய்தது போலாகியிருக்கும். அவர் கையெழுத்திட்டது சரி என்பது என் உறுதியான கருத்து.

அவர் நீதிமன்றத்துக்குத் திரும்பிய பிறகு நடந்ததைப் பாருங்கள். வங்கி நாட்டுடைமைச் சட்டத்தை எதிர்த்து வங்கிப் பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கை 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்து, 1970 பிப்ரவரி 10-ஆம் நாள், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஜே.சி. ஷா. ஹிதயத்துல்லா அதில் அமரவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் கிரி வென்றதை எதிர்த்த வழக்கையும் எஸ்.எம். சிக்ரி தலைமையிலான ஐவர் அமர்வே விசாரித்தது. அதிலும் ஹிதயத்துல்லா இல்லை. இவை இரண்டும் பதிவில் உள்ளவை. தாம் ஒப்புதல் தந்த சட்டத்தையும், தாம் பொறுப்பிலிருந்தபோது நடந்த தேர்தலையும் தாமே எடைபோடுவது முறையன்று என்பதால் விலகினார் என்பது இவற்றிலிருந்து நான் செய்யும் ஊகம். வேறு எந்தக் காரணமும் இந்த அளவுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தாம் கையெழுத்திடாத ஒன்று வந்தபோது அவர் ஒதுங்கவில்லை. முன்னாள் மன்னர்களுக்கு அரசு ஆண்டுதோறும் கொடுத்துவந்த மன்னர் மானியத்தை நீக்கும் அரசமைப்புத் திருத்த முன்வடிவு 1970 செப்டம்பரில் மக்களவையைக் கடந்து மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவாக 149, எதிராக 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கின் பின்னம் குறைந்ததால் தோற்றது. உடனே, செப்டம்பர் 6-ஆம் நாள், முன்னாள் மன்னர்கள் அனைவருக்கும் அளிக்கப்பட்டிருந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவதாகக் குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது. மாதவ்ராவ் சிந்தியாவும் பிறரும் வழக்குத் தொடுத்தார்கள். இந்த முறை 11 நீதிபதிகளின் அமர்வுக்கு ஹிதயத்துல்லாவே தலைமை வகித்தார். 1970 டிசம்பர் 15-ஆம் நாள், ஓய்வுபெறுவதற்கு ஒரு நாள் முன்பு, பெரும்பான்மையோடு சேர்ந்து அந்த ஆணையைச் செல்லாதென்று தீர்ப்பளித்தார். குடியரசுத் தலைவரின் பெயரில் வெளிவந்தது என்பதால் அது நீதிமன்றத்தின் கைக்கு எட்டாததாகிவிடவில்லை. அந்த நாற்காலியில் 35 நாட்கள் அமர்ந்திருந்தவருக்கு, அங்கிருந்து புறப்படும் ஆணை உண்மையில் யாருடைய முடிவு என்பது நன்றாகவே தெரியும். மிராஜ்கர் வழக்கில் நீதிபதியின் ஆணைக்குத் தராத விலக்கைக் குடியரசுத் தலைவரின் ஆணைக்கும் அவர் தரவில்லை. மன்னர் மானியம் ஒழிய வேண்டியதே என்பது என் எண்ணம். 1971-இல் 26-ஆம் திருத்தத்தின் மூலம் முறையாக ஒழிந்தும் போனது. நாடாளுமன்றத்தில் கிடைக்காத பெரும்பான்மையை ஒரு நிர்வாக ஆணையால் ஈடுகட்டியதைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை.

கேட்டவரின் "வெறும் கையெழுத்து" என்ற சொல்லுக்கு இதுவே என் விடை. நீதிபதியின் வேலை முடிவெடுப்பது. எடுத்த முடிவுக்குக் காரணத்தை எழுதிவைப்பது. அரசமைப்புத் தலைவரின் வேலை, பிறர் எடுத்த முடிவுக்குத் தம் பெயரைத் தருவது. அதில் தம் கருத்தைக் காட்டாமலிருப்பது. ஒன்றில் பழகிய கைக்கு மற்றொன்று எளிதில் வராது. ஹிதயத்துல்லாவிடம் நான் மதிப்பது, தாம் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அவர் மறக்காமல் இருந்ததைத்தான். தலைவராக இருந்தபோது தீர்ப்புச் சொல்லவில்லை. நீதிபதியாகத் திரும்பியபோது தலைவரின் பெயருக்குப் பணியவில்லை.

அதே 1970-இல் அவர் எழுதிய இன்னொரு தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும். அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. நீதித்துறை ஆளும் வர்க்கத்தின் ஒடுக்குமுறைக் கருவி என்று செய்தியாளர்களிடம் சொன்னதற்காக, கேரள முதலமைச்சராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதம் விதித்திருந்தது. மேல்முறையீட்டில் ஹிதயத்துல்லா, மார்க்ஸும் எங்கெல்ஸும் நீதிமன்றங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று விரிவாக ஆராய்ந்து, அவ்விருவரையும் இ.எம்.எஸ். சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று முடிவுகட்டி, அவமதிப்புக் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தார். அந்தத் தீர்ப்பின் புலமை எனக்குப் பிடிக்கும், முடிவு பிடிக்காது. ஓர் அரசியல் தலைவர் மார்க்ஸைப் பிழையாகப் படித்தாரா என்பது நீதிமன்றம் தண்டனையோடு இணைக்க வேண்டிய கேள்வி அன்று.

ஓய்வுக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் எந்த அரசமைப்புப் பதவியிலும் அவர் இல்லை. 1979 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். மொரார்ஜி தேசாயின் அரசு ஜூலையில் கவிழ்ந்து, சரண் சிங்கின் அரசும் ஆகஸ்டிலேயே ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம் அது. வேறு எதிலும் உடன்பட முடியாத கட்சிகள் அவர் பெயருக்கு எதிராக யாரையும் நிறுத்தவில்லை. 1984 ஆகஸ்ட் வரை மாநிலங்களவையை நடத்தினார். இரு பக்கமும் கேட்டு முடிவு சொல்லும் அந்த வேலை நீதிபதியின் பழக்கத்துக்கு நெருக்கமானது. 1982 அக்டோபர் 6 முதல் 31 வரை, ஜெயில் சிங் இதய சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றிருந்தபோது, மீண்டும் குடியரசுத் தலைவரின் பணிகளைப் பார்த்தார். இந்த இரண்டாவது முறை தலைமை நீதிபதி என்பதால் வந்ததன்று. துணைத் தலைவர் என்பதால் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் குறிப்புகள் பல உண்டு. ஹிதயத்துல்லா 1992 செப்டம்பர் 18-ஆம் நாள் மும்பையில் காலமானார். ராய்ப்பூரில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதவி ஏற்கலாமா என்ற கேள்வியும் இதோடு ஒட்டி எழுவதால் ஒரு சொல். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்று 124-ஆம் பிரிவு தடுக்கிறது. பிற பதவிகளை ஏற்பதை அது தடுக்கவில்லை. ஆனால் எல்லா ஏற்பும் ஒரே தரத்தன அல்ல. கோலக்நாத் தீர்ப்பை வழங்கிய தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ், சில வாரங்களிலேயே பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக 1967 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றார். பின்னர் எச்.ஆர். கன்னா 1982-இல் ஜெயில் சிங்கை எதிர்த்தும், வி.ஆர். கிருஷ்ணய்யர் 1987-இல் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்தும் நின்று தோற்றார்கள். இவ்விருவரும் நீதிபதிப் பதவியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் போட்டியிட்டவர்கள். சுப்பா ராவின் நேர்மையை நான் ஐயுறவில்லை. என்றாலும் இருக்கையிலிருந்து நேரே தேர்தல் களத்துக்குப் போனது, அவர் தீர்ப்பைப் பிடிக்காதவர்களுக்கு ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டது.

நான் தயக்கத்தோடு சொல்ல வேண்டியது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றித்தான். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாளை இரு இடங்களும் ஒரே நேரத்தில் காலியானால் தலைமை நீதிபதிதான் அழைக்கப்படுவார். மக்களவைத் தலைவரை அந்த வரிசையில் வைத்தால் கட்சிச் சார்பு வரும் என்ற வாதத்தில் வலு இருக்கிறது. அரசே மிகப் பெரிய வழக்காளியாக நிற்கும் நீதிமன்றத்தின் தலைவரை அரசின் தலைவராக்குவது சரியா என்ற எதிர்வாதமும் வலுவுள்ளதே. காலியிடத்தை ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்று 62-ஆம் பிரிவு சொல்கிறது. 35 நாட்களுக்குப் பதிலாக அந்த ஆறு மாதமும் ஒரு தலைமை நீதிபதி அங்கே இருந்து, பல சட்டங்களுக்கும் ஆணைகளுக்கும் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பினால், எத்தனை வழக்குகளிலிருந்து அவர் விலகி நிற்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹிதயத்துல்லா இரண்டு முக்கிய வழக்குகளில் அமராமல் இருந்தது போதுமானதாக இருந்ததற்கு, அவர் பண்பு ஒரு காரணம், காலம் குறுகியதாக அமைந்தது இன்னொரு காரணம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் இரண்டாவதைச் சட்டம் உறுதிசெய்யவில்லை என்பதால், வரிசையில் தலைமை நீதிபதிக்குப் பதிலாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவரை வைப்பதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்பது என் கருத்து.